செவலையின் கண்ணும் ஒரு வாளித் தண்ணீரும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், என் வீட்டு மாட்டுத் தொழுவில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் இருபத்து நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது. கம்பெனியிலும் அதற்குத் தகுந்த மாதிரி, புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் நாள் என் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். நைலான் சேலை கட்டி வராதே, பருத்திதான் கட்ட வேண்டும். செருப்பை வெளியே விடு. இரும்புச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரக் கையோடு மருந்துப் பக்கம் போகாதே. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள்ளே சூடேறிக்கொண்டே இருந்து, யாரும் நினைக்காத நேரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். பவுடர் என்றால் தண்ணீர் ஆகாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

இனி செவலையைப் பற்றி. அவள் என் பசு. கன்றுக்குட்டியாக இருந்தபோது சீமைக்கருவேல முள் குத்தி இடது கண் போய்விட்டது. ஊனக் கன்று என்று யாரும் சீந்தாமல் நின்றதை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் பண்ணுகிற அதிகாரம் கொஞ்சநஞ்சமில்லை. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து நான் இறங்குவதற்குள், தலையை இடது பக்கமாகத் திருப்பி, வலது கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கத்துவாள். என் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் நான் பேசுவதற்கு இருப்பது செவலைதான்.

இன்னொருத்தியும் உண்டு. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். கம்பெனியிலும் என் பக்கத்து இடம்தான். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது, நான் அவளுக்கு மூத்தவள் என்பதால் மதினி என்று கூப்பிடுவாள். இது நடப்பதற்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் வேலை பார்க்கும்போது பவுடர் பட்டு அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதைக் கூட அவள் கேலியாகத்தான் சொல்வாள். "நானும் செவலையும் ஒரே கட்சி மதினி, ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்" என்று சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று சுண்ணாம்புத் தூள் வாங்கி வந்தேன். வரும் வழியில் பை கிழிந்துவிட்டது. காலியாகக் கிடந்த தவிட்டுச் சாக்கில் அதைக் கொட்டி, தொழுவின் மூலையிலேயே சாத்தி வைத்தேன். வாயைக் கட்டக்கூட இல்லை. அந்தச் சாக்கில் நாலு வருஷமாகத் தவிடு தின்ற மாடு அதே இடத்தில் கட்டியிருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் அடுப்படியில் இருந்தேன். செவலை கத்துகிற சத்தம் கேட்டது. பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை அது. ஓடிப்போய்ப் பார்த்தால் முளைக்குச்சி பிடுங்கிக் கிடக்கிறது, செவலை தலை முழுவதும் சாக்கு. தவிட்டு வாசனைக்கு உள்ளே முகத்தை விட்டு, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டிருக்கிறாள். சாக்கை உருவி எறிந்தேன். முகமெல்லாம் வெள்ளை. வலது கண் இறுக மூடிக் கிடந்தது, அதிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது. தூணில் கண்ணைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் தேய்த்தாள். இருந்த ஒரே கண்.

நான் போட்ட சத்தத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்து அவள் ஓடி வந்தாள். மாதா கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், கஞ்சி போட்ட சேலை கசங்காமல் இருந்தது. ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றுமே கேட்காமல் நேரே தொட்டிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு வந்துவிட்டாள்.

"தலையைப் பிடிங்க மதினி. நான் ஊத்துறேன்."

"ஏ பிள்ள, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு. சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்னு தெரியாதா. கண்ணு வெந்து போயிரும்."

சொல்லிக்கொண்டே, கொடியில் கிடந்த பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, இமையைப் பிரித்து, உள்ளே இருந்த தூளைத் துடைத்தேன். நன்றாக அழுத்தியே துடைத்தேன். செவலை முழங்கால் மடிந்து உட்காரப் பார்த்தாள். வலி தாங்காமல்தான் அப்படிச் செய்கிறாள் என்றும், தூள் வெளியே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். துணியில் வெள்ளையாக ஒட்டி வந்தபோது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒல்லியாக, காலேஜ் போகிற பிள்ளை மாதிரி இருப்பார். லீவு நாள் என்றாலும் எடுத்தார். எந்தக் கண், என்ன பட்டது என்று இரண்டே கேள்வி. அப்புறம் சொன்னார்: "உடனே தண்ணி ஊத்துங்கக்கா. குழாய்த் தண்ணியே போதும். நான் வர நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நிறுத்தாம ஊத்திக்கிட்டே இருங்க. துடைக்க மட்டும் செய்யாதீங்க."

சரிங்க என்று சொல்லி போனை வைத்தேன். ஆனால் ஊற்றவில்லை.

இதை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவர் தெளிவாகச் சொன்னார், எனக்குக் காது நன்றாகக் கேட்டது. நான்தான் செய்யவில்லை.

"என்ன சொன்னாக?" என்று அவள் கேட்டாள்.

"தண்ணி ஊத்தணுமாம். புத்தகத்துல படிச்சதை அந்தப் பிள்ள சொல்லுது. பவுடரைப் பத்தி அதுக்கு என்ன தெரியும். நான் இருபத்திரண்டு வருஷமா பவுடர்ல கிடக்கேன்."

"டாக்டரம்மாவே சொல்றாகல்ல மதினி. கொஞ்சம் போல ஊத்திப் பாப்போம்." வாளியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

நான் அவள் கையைத் தள்ளிவிட்டேன். பாதித் தண்ணீர் அவள் சேலையிலேயே கொட்டியது. "ஒன் கண்ணையே அன்னிக்குக் காப்பாத்துனவ சொல்றேன், கேளு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போய் மறுபடியும் தொட்டியில் வாளியை நிறைத்து வந்தாள். ஆனால் பக்கத்தில் வரவில்லை. தொழு வாசலில், ஈரச் சேலையோடு, வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கை வலிக்குமே, கீழே வையேன் என்றால் கேட்கவில்லை. மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாளே தவிர, வைக்கவே இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. செவலையின் இமை வீங்கிக்கொண்டே வந்தது. நான் இரண்டு தடவை மறுபடியும் துடைத்தேன்.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு டாக்டரம்மா உள்ளே வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரமா ஊத்துறீங்க?"

அவள்தான் சட்டென்று, "இந்தா, இப்பத்தான் ஊத்தப் போறோம்ங்க" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொன்னது அது. டாக்டரம்மா தரையைப் பார்த்தார். செவலையின் முகத்தடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் கையில் இருந்த வெள்ளை படிந்த துணியைப் பார்த்தார். திட்டவில்லை. "அந்த வாளியைக் கொடுங்கக்கா" என்று அவள் கையிலிருந்து வாங்கி, குவளையால் மொண்டு, கண்ணில் ஊற்ற ஆரம்பித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொதிக்கப் போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் கொதிக்கவில்லை. தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாக வழிந்து ஓடியது. செவலை அதுவரைக்கும் உதறிக்கொண்டே இருந்தவள், நாலாவது குவளையில் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

ஊற்றிக்கொண்டேதான் டாக்டரம்மா விளக்கினார். கண் என்பது ஏற்கெனவே ஈரமான இடம். தூள் அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் அரித்துக்கொண்டே போகும். நாம் ஊற்றாவிட்டால் அரிப்பு நிற்காது. வாளி வாளியாக ஊற்றினால் சூடு பிடிக்க விடாமல் தூளையே அடித்துக்கொண்டு போய்விடும். துணியால் துடைத்தால், கண்ணாடியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. "நெருப்புக்குச் சொல்ற சட்டத்தைக் கண்ணுக்குப் போடக் கூடாதுக்கா" என்றார். பட்டாசு ஊரில் ஒரு வருஷம் வேலை பார்த்தவர். நான் ஏன் ஊற்றவில்லை என்று நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது.

அதன்பிறகு மரத்துப்போகிற சொட்டு மருந்தை விட்டார். சலைன் பாட்டிலில் டியூபை மாட்டி, பாட்டிலை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். அவள் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். மாட்டுக்குக் கண்ணின் உள்மூலையில் மூன்றாவதாக ஓர் இமை உண்டு. எனக்கு அதுவும் அன்றைக்குத்தான் தெரியும். சின்ன இடுக்கியால் அதை மெல்ல இழுத்துப் பார்த்தால், பின்னால் அரைப் பருக்கை அளவுக்குச் சுண்ணாம்பு பசையாக ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சால் அதை எடுத்தார். ஒரு சின்னத் தாளைக் கண்ணோரத்து ஈரத்தில் தொட்டுப் பார்த்தார். தாள் நீலமாக மாறியது. இன்னும் சுண்ணாம்புக் காரம் போகவில்லை என்று மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் தாள், மறுபடியும் நீலம்.

அப்படி ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான், பேச்சுக்குக் கேட்கிற மாதிரி அவளிடம் கேட்டார். "உங்க கண்ணுக்கு என்னக்கா ஆச்சு?"

"பழசுங்க. கம்பெனில பவுடர் பட்டுச்சு."

"உடனே கழுவினீங்களா?"

"மாடு தலையை ஆட்டுது பாருங்க" என்று அவள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். செவலை ஆடாமல்தான் நின்றாள்.

ஏழு வருஷத்துக்கு முந்தின அந்த மத்தியானம் அப்படியே என் கண் முன்னால் வந்தது. மருந்தை இடித்து அடைக்கும்போது புஸ்ஸென்று மேலே கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு, தட்டுத்தடுமாறி, வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகப் பார்த்தாள். வாசல் வரைக்கும் போயிருந்த நான்தான் திரும்ப உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். தண்ணி படக்கூடாது, வெந்துபோகும் என்று கத்தினேன். என் சேலை முந்தியால் அவள் கண்ணைத் துடைத்தேன். நன்றாக அழுத்தியே துடைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா. ஏழு வருஷமாக, புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தக் கதையைச் சொல்வேன். "நான் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா இவளுக்கு ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்பேன். அவளை வைத்துக்கொண்டே சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

"அக்கா, பாட்டிலைத் தூக்கிப் பிடிங்க" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் என் கை தாழ்ந்துபோயிருப்பது தெரிந்தது. தூக்கிப் பிடித்தேன். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு தாள் நிறம் மாறாமல் வந்தது. அதற்குப் பிறகு காவி நிறத்தில் ஒரு மருந்துத் தாளை எடுத்து ஈரமாக்கி, கண்ணில் தொட்டார். நீல வெளிச்சம் அடிக்கிற சின்ன டார்ச்சைப் பிடித்தார். கண் நல்லபடியாக இருந்தால் சாயம் ஒட்டாது, மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஒட்டும் என்றார். செவலையின் கண்ணில் பாதிக்கு மேல் பச்சையாக மினுங்கியது. நடுவில் கோடு கோடாகக் கீறல்கள். அந்தக் கீறல்கள் சுண்ணாம்பு போட்டதில்லை, என் துணி போட்டது. டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

"பார்வை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாதுக்கா. மூணு நாள் பாப்போம்" என்றார்.

வலிக்கு ஊசி போட்டார். செவலையின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து ஒரு குழாயில் நிறுத்தி வைத்தார். ரத்தம் உறைந்து அடியில் தங்கியதும் மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. புண் கரைந்து ஓட்டையாகாமல் தடுக்க அதுவே மருந்து, அதைக் குளிரில் வைத்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்றார். கிருமிக்கு ஒரு சொட்டு, கண்ணுக்குள் பிடிக்கிற வலிக்கு ஒரு களிம்பு. நான் உடனே உள்ளே ஓடி, என் வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு விட்டது போக மிச்சம் இருந்த சொட்டு மருந்தைக் கொண்டுவந்து, இதையும் விடலாமா என்று நீட்டினேன். அட்டையைப் படித்துவிட்டு, தன் பையில் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி ஸ்டீராய்டு மருந்தைப் புண் இருக்கிற கண்ணில் விட்டால் இரண்டே நாளில் கண் கரைந்துவிடும் என்றார். எனக்கு என் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. நல்லது என்று நினைத்து நான் தொட்டதெல்லாம் கெடுதலாகத்தான் இருந்தது.

மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் வேலைக்குப் போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் ஓடி வந்து தலையைப் பிடித்துக் கொடுத்தாள். நான் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன மதினி, என் மேல கோவமா இருக்கீகளா?" என்று கூடக் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். சொட்டு விடுகிற நேரமெல்லாம் அவளுடைய இடது கண் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் பார்த்தபோது புண் சாம்பல் நிறமாகக் குழைந்திருந்தது. இனி காத்திருந்தால் ஓட்டையாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். லோடு ஆட்டோவில் ஏற்றி மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். இரும்புக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்திக் கட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, அந்த மூன்றாவது இமையை இழுத்துக் கண்ணை மூடித் தையல் போட்டார். புண்ணுக்கு அதுதான் கட்டு. பதினைந்து நாள் பிரிக்கக் கூடாது. உள்ளே ஆறுகிறதா, அழுகுகிறதா என்பது பிரித்தால்தான் தெரியும்.

அந்தப் பதினைந்து நாளும் செவலைக்கு உலகமே இருட்டு. முதல் நாள் தொழுவுக்குள் அடியெடுத்து வைக்க மாட்டேன் என்று நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் முன்னால் பேசிக்கொண்டே போனேன். என் குரல் வருகிற பக்கம் மூக்கை நீட்டி, ஒவ்வொரு காலாக வைத்து வந்தாள். "இந்தா தொட்டி, இந்தா தூண், இங்கன நில்லு" என்று நாள் பூராவும் பேசினேன். இவ்வளவு நாசம் பண்ணியவளின் குரலை நம்பி அது நடந்து வருகிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. யாரும் பார்க்காததால் நன்றாகவே அழுதேன். வெள்ளை அடிக்காமலே அந்தப் பொங்கல் போனது.

பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அவளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இமை விலகியதும் முதலில் தெரிந்தது வெள்ளைதான். டாக்டரம்மா சாயத்தைத் தொட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பச்சை எங்கேயும் ஒட்டவில்லை. புண் ஆறிவிட்டது, தழும்புதான் இது என்றார். ஆனால் பார்வை இருக்கிறதா? கையை ஆட்டினால் காற்று பட்டுக்கூட மாடு கண்ணைச் சிமிட்டுமாம். அதனால் பஞ்சை உருண்டையாகச் சுருட்டி, செவலையின் முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, விட்டார். பஞ்சுக்குச் சத்தம் இல்லை, மணம் இல்லை. அது பாட்டுக்கு மெல்ல இறங்கியது.

செவலையின் கண் அசையவில்லை.

இரண்டாவது உருண்டையை இன்னும் கொஞ்சம் ஓரமாக, தழும்பு இல்லாத பக்கமாக விட்டார். பஞ்சு இறங்கியது. செவலையின் கண்ணும் அதோடு சேர்ந்து கீழே இறங்கியது. தரையில் விழுந்ததும் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தலையை இடது பக்கமாகத் திருப்பி, என்னைப் பார்த்துக் கத்தினாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பி வரும்போது, லோடு ஆட்டோவின் பின்னால் செவலையோடு நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தோம். இனியும் வைத்துக்கொள்ள முடியாது என்று வாயைத் திறந்தேன். "ஏ பிள்ள, அன்னிக்கு ஒன்னைத் தொட்டிப் பக்கம் போகவிடாம இழுத்தேன்ல. நான் மட்டும் விட்டிருந்தா ஒன் கண்ணு இருந்திருக்கும்" என்றேன்.

அவள் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தெரியும் மதினி. ஆஸ்பத்திரில அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு."

ஏழு வருஷம். தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அளந்த பெருமையை எல்லாம் கேட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு மருந்து அடைத்திருக்கிறாள். எனக்கு வந்தது கோபம்தான். ஏன்டி சொல்லவில்லை, நாலு அறை அறைந்திருக்கலாமே என்று ஓடுகிற வண்டியில் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"எப்படிச் சொல்ல. எல்லாரும் வெளிய ஓடுனாக, நீங்க ஒருத்திதான் உள்ள வந்தீக. மருந்து எப்ப வேணும்னாலும் பிடிச்சிருக்கும். அது தெரிஞ்சுதானே வந்தீக. உங்ககிட்டப் போயி இதை எப்படிச் சொல்லுவேன்." செவலையின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தாள். பிறகு, "ஆனா சொல்லியிருக்கணும் மதினி. சொல்லியிருந்தா இந்த வாயில்லாச் சீவனுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. அன்னிக்கு வாளியை வச்சுக்கிட்டு நிக்கையில, சொல்லிருவோமா, சொல்லிருவோமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான் சொல்லலை" என்றாள். சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்தப் பூ விழுந்த கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் கம்பெனியில் புதிதாக இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழக்கம் போல என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் கதையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை நடந்தபடியே சொன்னேன். நான் துடைத்ததால்தான் இவள் கண் போனது என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். தீயும் மருந்தும் இருக்கிற இடத்தில் ஈரம் கூடாது, ஆனால் கண்ணில் என்ன பட்டாலும் வெளியே ஓடித் தண்ணீரை ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு, துணியைத் தொடாதே என்றேன். பிள்ளைகள் மாறி மாறி எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வழக்கம் போலச் சிரித்துக்கொண்டு, "கேட்டுக்கோங்க பிள்ளைகளா, மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அன்றைக்கு மத்தியானமே போர்மேனிடம் சண்டை பிடித்து, எங்கள் அறைக்கு வெளியே கண் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு வாளியும் குவளையும் வைக்க வைத்தேன்.

செவலை இப்போது நன்றாக இருக்கிறாள். கண்ணின் நடுவில் நீலம் பாய்ந்த தழும்பு உண்டு. நேராக நிற்பது சரியாகத் தெரியாது, ஓரமாகப் பார்த்துக்கொள்வாள். வேனிலிருந்து இறங்குகிற என்னைக் கண்டுபிடிக்க முன்னைக் காட்டிலும் கொஞ்சம் அதிகமாகத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் யாராவது நான் சொல்வதை மறுத்துப் பேசினால் வாய் முந்திக்கொண்டுதான் வருகிறது. ஆனால் தொழு வாசலில் ஈரச் சேலையோடு, வாளியைக் கீழே வைக்காமல் நின்றவளை நினைத்துக்கொள்கிறேன், எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.